கடைசிக் கணக்கை எந்தக் கை வெட்டுவது?

(வற்றாப்பளையில் உயர்தர மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

 

கணினி பற்றி ஏதாவது பேசச் சொன்னார்கள். செயற்கை அறிவு பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் அதைவிட மிகச் சிறிய ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். ஒரு நிரலில் ஒரு பொருள் இனித் தேவையில்லை என்று ஆனபிறகு அதன் கடைசிக் காரியத்தைச் செய்வது யார்? எந்த நேரத்தில்? அதே இடத்தில் வேறொருவர் கைவைத்துக்கொண்டிருக்கும்போது செய்தால் என்ன ஆகும்? உயர்தரத்தில் பைதன் எழுதுகிற பிள்ளைகளுக்குப் பரீட்சையில் இந்தக் கேள்வி வராது. வேலைக்குப் போன முதல் வருடத்தில் வரும்.

வைகாசிப் பொங்கலுக்கு மறுநாட் காலையில் இந்த ஊர்க் கோயில் வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவு முழுக்க நின்ற சனம் பேருந்திலும் லான்ட்மாஸ்ரரிலும் ஏறிப் போய்விட்டது. கச்சான் கொட்டில்கள் பாதி பிரிந்து நிற்கும். நந்திக்கடல் பக்கத்துக் காற்று கடதாசியையும் கச்சான் கோதையும் வீதி முழுக்க இழுத்துக்கொண்டு போகும். பிறகு சுகாதாரத் தொழிலாளர்கள் வருவார்கள். எந்தக் கொட்டிலில் ஆள் இருக்கிறது, எதில் இல்லை என்று தாங்களே பார்த்து, ஆளில்லாத இடத்தைக் கூட்டி அள்ளுவார்கள். கடைக்காரர் வந்து ‘என் இடத்தைக் கூட்டுங்கோ’ என்று சொல்லவேண்டியதில்லை.

கணினி மொழிகளில் குப்பை சேகரிப்பான் செய்வதும் இதே வேலைதான். 1960 இல் ஜோன் மக்கார்த்தி லிஸ்ப் மொழியை விளக்கி வெளியிட்ட கட்டுரையிலேயே இந்த யோசனை இருக்கிறது. நிரல் தன் கையில் வைத்திருக்கும் பெயர்களிலிருந்து தொடங்கி, அவை சுட்டுகிற பொருட்கள், அந்தப் பொருட்கள் சுட்டுகிற வேறு பொருட்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு அடையாளமிடுவது. அடையாளம் விழாததையெல்லாம் குப்பை என்று எடுத்து நினைவகத்தைத் திரும்பப் பெறுவது. ஜாவா, சி ஷார்ப், கோ, பைதன் என்று இன்று பெரும்பாலானவர்கள் எழுதுகிற மொழிகளெல்லாம் ஏதோ ஒரு வகையில் இப்படித்தான் நினைவகத்தைப் பராமரிக்கின்றன. எழுதுகிறவருக்கு இது பெரிய விடுதலை. சி மொழியில் எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள், நினைவகத்தைத் தாங்களே திருப்பிக் கொடுக்கவேண்டிய காலத்தில் எத்தனை இரவு விழித்தார்கள் என்று சொல்வார்கள்.

குப்பை மட்டும் என்றால் நான் இங்கே பேச வந்திருக்க மாட்டேன். ஒரு கொட்டில்காரர் கோயில் களஞ்சியத்தில் கிடாரம் ஒன்று இரவல் வாங்கியிருந்தார் என்று வையுங்கள். கணக்குக் கொப்பியில் அவர் பெயர் எழுதியிருக்கிறது. அவர் போய்விட்டார், கிடாரம் கொட்டிலில் கிடக்கிறது. கச்சான் கோதைப் போல அதை அள்ளிக் கொட்ட முடியாது. களஞ்சியத்துக்குத் திரும்பவேண்டும், கொப்பியில் அவர் பெயரை வெட்டவேண்டும். நிரலில் இந்தக் கிடாரம் எது? திறந்த கோப்பு, தரவுத்தளத்துக்குப் போகும் இணைப்பு, வலையமைப்பில் பிடித்திருக்கும் வழி. இவை நினைவகத்துக்கு வெளியே, இயக்கமுறைமையிடம் இரவல் வாங்கிய சாமான்கள். எண்ணிக்கை மட்டுப்பட்டவை. திருப்பிக் கொடுக்காவிட்டால் அடுத்தவருக்கு இல்லை.

அதனால் மொழியை வடிவமைத்தவர்கள் ஒரு வசதி செய்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கடைசிச் செயலை எழுதிவைக்கலாம்; சேகரிப்பான் அந்தப் பொருளைக் குப்பை என்று முடிவுசெய்யும்போது அந்தச் செயலை ஓடவிடும். சி பிளஸ் பிளஸ் மொழியில் டிஸ்ட்ரக்டர் என்று ஒன்று இருக்கிறது. அதை அழிப்பான் என்று சொல்கிறேன். சேகரிப்பான் உள்ள மொழிகளில் அதற்கு ஃபைனலைசர் என்று பெயர். அதை முடிப்பான் என்கிறேன். பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு சாதி. சி ஷார்ப் மொழியில் முடிப்பானுக்கும் சி பிளஸ் பிளஸ் அழிப்பானின் அதே எழுத்துக் குறியைக் கொடுத்தார்கள். அது பெரிய பிழை என்பது என் எண்ணம். குறியைப் பார்த்து ஏமாந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

வேறுபாடு இதுதான். பொருள் தான் பிறந்த அடைப்புக்குறிக்குள்ளேயே வாழ்ந்தால், அந்த அடைப்புக்குறி முடியும் அதே வரியில், அதே இழையில் அழிப்பான் ஓடும். எழுதியவருக்கு அந்த நேரமும் தெரியும், இடமும் தெரியும். முடிப்பானுக்கு இரண்டும் தெரியாது. நினைவகம் நிரம்பி, சேகரிப்பான் விழித்து, தேடி, குப்பை என்று கண்ட பிறகு எப்போதாவது ஓடும். எந்த இழையில்? ஜாவாவின் மொழி வரையறை இதை வெளிப்படையாகவே சொல்கிறது: எந்த இழை முடிப்பானை ஓட்டும் என்று மொழி குறிப்பிடுவதில்லை.

இழை என்றால் என்ன என்று பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் பல கைகள் வேலை செய்யலாம். ஒவ்வொரு கைக்கும் ஓர் இழை. எல்லா இழைகளுக்கும் பொதுவாக ஒரே கொப்பி. இந்த ஊரில் வலை பின்னுகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரே வலையில் இரண்டு பேர் எதிரெதிரே இருந்து பின்னினால் வேலை விரைவாகும். ஒரே கண்ணில் இரண்டு பேரும் ஊசி விட்டால் சிக்கு விழும்.

களஞ்சியக் கொப்பிக்கு வருவோம். இரவலில் இருக்கும் கிடாரங்கள் 40 என்று எழுதியிருக்கிறது. களஞ்சியக்காரர் புதிதாக ஒன்றைக் கொடுக்கிறார். 40 என்று வாசித்து 41 என்று எழுதப் பேனையை எடுக்கிறார். அதே கணம் வீதி கூட்டியவர் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவருகிறார். அவரும் 40 என்று வாசித்து 39 என்று எழுதுகிறார். பிறகு களஞ்சியக்காரர் தன் 41 ஐ அதன்மேல் எழுதுகிறார். உண்மையில் வெளியே இருப்பது 40. கொப்பி சொல்வது 41. ஒரு கிடாரம் உலகத்திலேயே இல்லாமல் இரவலில் இருக்கிறது. இப்படி ஒரு நாளைக்கு ஒன்று என்று கூடிக்கொண்டு போனால், ஒருநாள் களஞ்சியம் நிறையக் கிடாரம் இருந்தும் ‘முடிந்துவிட்டது, இல்லை’ என்று கொப்பியைப் பார்த்துச் சொல்லவேண்டிவரும்.

தனக்கு ஒரே இழைதான், புதிதாக இழை எதுவும் தொடங்கவில்லை, ஆகவே இந்தச் சிக்கல் தனக்கு இல்லை என்று நினைக்கிற பிள்ளை ஏமாறுவது இங்கேதான். முடிப்பான் ஒன்றை எழுதிய கணத்திலேயே நீங்கள் இரண்டாவது கையொன்றை உள்ளே விட்டுவிட்டீர்கள். ஜாவாவும் சி ஷார்ப்பும் முடிப்பான்களுக்கென்று ஓர் இழையைத் தாங்களே தொடங்கிவைத்திருக்கின்றன. நீங்கள் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கிறது.

பூட்டுப் போட்டால் தீராதா? கொப்பியைத் தொடுகிறவர் முதலில் பூட்டை எடுக்கவேண்டும், முடிந்ததும் வைக்கவேண்டும் என்று விதி வைக்கலாம்தானே? வைக்கலாம். வேறு இழை வந்தால் அது காத்திருக்கும். இப்போது இன்னொரு நிலைமை. களஞ்சியக்காரர் பூட்டை எடுத்துக் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கிறார். நடுவில் எழுத இடமில்லை, புதுத் தாள் வேண்டும். தாள் தேடும்போது, ‘குப்பையைக் கூட்டினால்தான் இடம் கிடைக்கும், நீரே கூட்டும்’ என்று அவரையே அனுப்புகிறார்கள். கூட்டும்போது கிடாரம் ஒன்று கிடைக்கிறது. அதைக் கணக்கில் வெட்டவேண்டும். கொப்பிக்கு வருகிறார். கொப்பி பூட்டியிருக்கிறது. பூட்டு வைத்திருப்பவர் வரட்டும் என்று வாசலில் நிற்கிறார். பூட்டு அவருடைய மடியிலேயே இருக்கிறது. அவருக்காக அவரே காத்திருக்கிறார். இனி அந்தக் களஞ்சியம் திறக்காது. கணினிக்காரர் இதை டெட்லொக் என்பார்கள்.

கேட்கக் கதைபோல இருக்கும். நான் இதற்குள் பதினொரு நாள் இருந்திருக்கிறேன். கொழும்பில் பேருந்து ஆசனம் பதிவுசெய்யும் மென்பொருள் ஒன்றில் வேலை. பெயர் வேண்டாம், எழுதியது நாங்கள்தான், பிழையும் எங்களுடையது. சாதாரண நாட்களில் ஒரு குறையும் இல்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் வாரம், ஊருக்குப் போகிற சனம் எல்லாம் ஒரே நேரத்தில் ஆசனம் தேடும் நாட்களில், நிரல் நின்றுபோகும். விழுந்து நொறுங்கவில்லை. அப்படி விழுந்தால் ஒரு தடயமாவது விட்டுப்போகும். இது சும்மா இருந்தது. கேட்டால் பதில் இல்லை. நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் நன்றாக ஓடும், பிறகு நிற்கும். என் மேசையிலிருந்த கணினியில் ஒருநாளும் நின்றதில்லை. வாடிக்கையாளர் தொலைபேசியில் ஏசுவார்கள். வவுனியாவுக்கு வரவேண்டிய ஒரு தாய் நாள் முழுக்க முயன்றும் ஆசனம் கிடைக்கவில்லை என்று அழுததை நான் கேட்டிருக்கிறேன்.

கடைசியில், நின்றுபோன நிரலின் ஒவ்வோர் இழையும் எந்த வரியில் நிற்கிறது என்று அச்சிட்டுப் பார்த்தோம். ஓர் இழையில், நிரலில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் எழுதும் செயல் பாதியில் நின்றது. அதற்கு மேலே, அதே இழையில், ஓர் இணைப்புப் பொருளின் முடிப்பான். அதற்கும் மேலே மறுபடி பதிவேட்டில் எழுதும் செயல், பூட்டுக்காகக் காத்துக்கொண்டு. மற்ற இழைகள் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நின்றன. நடந்தது இதுதான். எங்கள் நிரல் பைதனில் எழுதியது. பைதனில், ஒரு பொருளை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கை பூச்சியமானவுடன் அந்தப் பொருள் போய்விடும். ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு வட்டமாக நிற்கும் பொருட்கள் மட்டும் அப்படிப் போகாது. அவற்றுக்குத்தான் சேகரிப்பான் வரவேண்டும். அது அந்தக் கணம் எந்த இழை ஓடுகிறதோ அந்த இழையிலேயே வேலை செய்யும். எங்கள் பதிவேட்டுச் செயல் பூட்டை எடுத்துக்கொண்டு, எழுதுவதற்காகச் சில பொருட்களை உண்டாக்கியது. அந்த இடத்தில் சேகரிப்பான் விழித்தது. பழைய இணைப்பு ஒன்றைக் குப்பை என்று கண்டது. அதன் முடிப்பானில் ‘இணைப்பு மூடப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதும் ஒரு வரியை நாங்கள் வைத்திருந்தோம். நல்ல எண்ணத்தோடு வைத்த வரி. சன நெரிசல் கூடும்போது பொருட்கள் கூடும், சேகரிப்பான் அடிக்கடி விழிக்கும், பூட்டுக்குள் விழிக்கும் வாய்ப்பும் கூடும். அதனால்தான் வருடப்பிறப்பில் மட்டும் நின்றது. அந்த ஒரு வரியை எடுத்தோம். பிறகு நிற்கவில்லை.

நாங்கள் மட்டும் விழுந்த குழி என்று நினைக்கவேண்டாம். பைதனோடு கூடவே வருகிற வரிசைப் பொருளுக்கும் இதே நோய் இருந்தது. முடிப்பானுக்குள்ளிருந்து அந்த வரிசையில் எதையாவது போட்டால், அதன் பூட்டை ஏற்கெனவே எடுத்திருந்த இழையே மறுபடி பூட்டுக்காக நிற்க நேரும். இதற்காகவே 2018 இல் வந்த பைதன் 3.7 பதிப்பில் ‘சிம்பிள் கியூ’ என்று ஒரு புது வரிசையைச் சேர்த்தார்கள். முடிப்பானுக்குள்ளிருந்தும் இதில் போடலாம் என்று அதன் ஆவணம் உறுதி சொல்கிறது.

பூட்டு வைத்திருப்பவரே மறுபடி வந்தால் திறந்துவிடுகிற பூட்டும் உண்டு. ஜாவாவின் பூட்டு அந்த வகை. அப்படியானால் டெட்லொக் வராது. ஆனால் அது அதைவிட மோசம் என்பேன். களஞ்சியக்காரர் 40 ஐ வெட்டிவிட்டார், 41 ஐ இன்னும் எழுதவில்லை. அந்த அரைகுறைப் பக்கத்தில் அவரே இன்னொரு தொப்பியோடு வந்து கணக்குப் பார்க்கிறார். பூட்டு அவரை உள்ளே விடுகிறது. நின்றுபோகிற நிரல் எங்கேயோ பிழை என்றாவது காட்டித்தரும். இது பிழைக் கணக்கோடு ஓடிக்கொண்டேயிருக்கும்.

இந்த இரண்டு பக்கச் சங்கடத்தையும் முழுமையாக எடுத்து வைத்தவர் ஹான்ஸ் போம். சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளுக்கே குப்பை சேகரிப்பான் செய்துகொடுத்தவர். அவருடைய பெயரால்தான் அந்தச் சேகரிப்பான் இன்றும் அறியப்படுகிறது. 2003 இல், எச்பி ஆய்வகத்தில் இருந்தபோது, அழிப்பான்கள், முடிப்பான்கள், இழைகளின் ஒத்திசைவு மூன்றையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் வாதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். முடிப்பான் பொதுக் கொப்பியைத் தொடத்தான் செய்யும். தொடாத முடிப்பானால் பயன் இல்லை. ஆகவே பூட்டு வேண்டும். பூட்டு வேண்டுமென்றால், ஏற்கெனவே பூட்டு வைத்திருக்கக்கூடிய இழையில் அது ஓடக்கூடாது. ஆகவே தனக்கென்று, கையில் எந்தப் பூட்டும் இல்லாத, தனி இழையில்தான் ஓடவேண்டும். ஒரே இழையில் எழுதிய நிரலுக்கும் இது பொருந்தும்.

பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் ஏழு நாள் விளக்கெரிக்கிறோம். அந்த விளக்கைப் பார்ப்பதற்கென்று ஆள் நிற்கும். அந்தப் பக்கம் போகிறவர் வருகிறவர் எல்லாம் திரியைத் தூண்டுவதில்லை. போம் கேட்டதும் அப்படி ஒரு தனிக் கையைத்தான். ஜாவா இந்த விஷயத்தில் பாதி சரியாகச் செய்தது. எந்த இழை என்று சொல்லாவிட்டாலும், முடிப்பானை ஓட்டவரும் இழையின் கையில் நிரலுக்குத் தெரிகிற எந்தப் பூட்டும் இருக்காது என்று அதன் வரையறை வாக்குக் கொடுக்கிறது. பைதனின் முடிப்பானுக்கு அந்த வாக்கு இல்லை. எங்களைப் பதினொரு நாள் வைத்தது அந்த இல்லாத வாக்குத்தான்.

பூட்டே உதவாத இடமும் உண்டு. டி என்று ஒரு மொழி இருக்கிறது. வால்டர் பிரைட் உருவாக்கியது, 2001 இல் வெளிவந்தது. அதன் இன்றைய வடிவத்தில், பொதுவென்று நீங்கள் சொல்லாதவரை, நிரலின் பொது மாறிகளில்கூட ஒவ்வோர் இழைக்கும் தனிப் பிரதி. நல்ல பாதுகாப்பு. ஆனால் சேகரிப்பானைத் தூண்டிய இழை எதுவோ அதிலேயே முடிப்பான் ஓடும். முதல் இழை ஒரு பொருளை உண்டாக்கித் தன் கொப்பியில் 1 என்று எழுதுகிறது. இரண்டாவது இழை சேகரிப்பானைத் தூண்டுகிறது. முடிப்பான் இரண்டாவது இழையின் கொப்பியில் ஒன்றைக் கழிக்கிறது. அங்கே பூச்சியம்தான் இருந்தது. இப்போது முதல் கொப்பியில் 1, இரண்டாவதில் கழித்தல் 1. களஞ்சியத்திலிருந்து ஒரு கிடாரமும் போகவில்லை, ஆனால் ஒருவருக்கு நாங்கள் கிடாரம் கடன்! இதில் ஒரே இடத்தில் இரண்டு கை படவேயில்லை. பூட்டு என்ற மருந்துக்கே இங்கு வேலை இல்லை. சரியான வேலை, தவறான வீட்டில் நடந்திருக்கிறது.

இனிச் சொல்லப்போவது இவை எல்லாவற்றிலும் எனக்குப் பயம் தருவது. முடிப்பான் பிந்தி ஓடும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். அது முந்தியும் ஓடும்.

நந்திக்கடலில் தோணி வாடகைக்கு எடுப்பதாக வையுங்கள். கரையில் 7 ஆம் இலக்கம் என்று ஒரு துண்டு தருகிறார்கள். நீங்கள் இலக்கத்தைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு, துண்டை எறிந்துவிட்டுத் தோணியில் ஏறிக் கடலுக்குள் போய்விட்டீர்கள். கரையில் இருப்பவர் எறிந்த துண்டைக் காண்கிறார். துண்டு யார் கையிலும் இல்லை, ஆகவே 7 ஆம் தோணி முடிந்துவிட்டது என்று கணக்கை வெட்டி, அடுத்து வந்தவருக்கு 7 ஐக் கொடுத்துவிடுகிறார். இப்போது நீங்கள் பிடித்த மீன் அவர் கூடையில்.

இது மிகைப்படுத்திய உவமை இல்லை, எழுத்துக்கு எழுத்து இப்படித்தான் நடக்கும். கோப்புப் பொருளுக்குள் இயக்கமுறைமை தந்த ஓர் எண் இருக்கிறது, 7 என்று வையுங்கள். உங்கள் செயல் அந்த எண்ணை வாசித்துக்கொண்டு, இயக்கமுறைமையிடம் ‘7 இல் எழுது’ என்று கேட்கிறது. அதற்குப் பிறகு கோப்புப் பொருளை நிரலில் எங்கும் பயன்படுத்தவில்லை. நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றுகிற தொகுப்பி கெட்டிக்காரர், பொருள் இனித் தேவையில்லை என்று கணக்குப் போடுகிறார். சேகரிப்பான் வருகிறது, முடிப்பான் வேறோர் இழையில் ஓடி 7 ஐ மூடுகிறது. எழுதும் வேலை இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் இன்னோர் இழை புதுக் கோப்பொன்றைத் திறக்கிறது. யுனிக்ஸ் வகை இயக்கமுறைமைகள் காலியாக இருக்கிற மிகச் சிறிய எண்ணைக் கொடுப்பவை, அதற்கு 7 கிடைக்கிறது. உங்கள் தரவு போய் அந்நியக் கோப்பில் விழுகிறது. இதைத் தடுக்கவே 2016 இல் கோ 1.7 பதிப்பில் ‘கீப் அலைவ்’ என்ற செயலைக் கொடுத்தார்கள். சி ஷார்ப்பிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. ஜாவா 9 இல் ‘ரீச்சபிலிட்டி ஃபென்ஸ்’ என்று ஒரு வேலியே வந்தது. மூன்றும் சொல்வது ஒன்றுதான்: இந்த வரிவரை துண்டை எறியாதே.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு நான் இதை விளக்கவேண்டியதில்லை. 2009 இல் போர் முடிந்தபிறகு திரும்பி வந்து தங்கள் வளவின் எல்லையைப் பனையையும் கிணற்றையும் வைத்துத் தேடியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். ஆளைக் காணவில்லை என்பதற்கும் உரியவர் இல்லை என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மொழியைச் செய்கிறவர் ‘இது இனி யாருக்கும் வேண்டாம்’ என்று முடிவு கட்டும் அதிகாரத்தை ஓர் இயந்திரத்திடம் கொடுக்கும்போது, அந்தத் தூரத்தை நினைத்துப் பார்த்திருக்கவேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

உங்கள் சட்டைப்பையிலும் முடிப்பான் இருக்கிறது. அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் முடிப்பான்களை ஓட்ட ஓர் இழையும், அந்த இழையைக் கண்காணிக்க இன்னோர் இழையும் இருக்கின்றன. ஒரு முடிப்பான் பத்து விநாடிக்குள் முடியாவிட்டால் கண்காணிக்கும் இழை அந்தச் செயலியையே நிறுத்திவிடும். எல்லா முடிப்பான்களும் ஒரே வரிசையில் நிற்பதால் ஒன்று தடங்கினால் பின்னால் நிற்பவை அத்தனையும் தடங்கும். கோ மொழியிலும் முடிப்பான்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஓட்டத்தில்தான் ஓடுகின்றன.

ஜாவா தன் பிழையை ஒப்புக்கொள்ள இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. 1996 இல் முதல் பதிப்போடு வந்த முடிப்பானைத் தவிர்க்கச் சொல்லி யொசுவா பிளொக் 2001 இலேயே தன் ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலில் எழுதினார். 2017 இல் ஜாவா 9 பதிப்பில் ‘இனிப் பயன்படுத்தவேண்டாம்’ என்ற முத்திரை விழுந்தது. 2022 இல் 18 ஆம் பதிப்பில் ‘அகற்றப்படவுள்ளது’ என்ற முத்திரை. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, எந்த இழையில், எந்த ஒழுங்கில் ஓடும் என்பதை எழுதுகிறவர் கட்டுப்படுத்த முடியாது என்பது. பிழையை ஒத்துக்கொண்டு திருத்துகிற மொழியை நான் மதிக்கிறேன்.

சரி, கிடாரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? வாங்கியவரே, போகமுதல், தன் கையால். பைதனில் ‘வித்’ என்று எழுதிக் கோப்பைத் திறந்தால், அந்தப் பந்தி முடியும்போது, அதே இழையில் கோப்பு மூடப்படும். ஜாவாவில் 2011 இல் வந்த 7 ஆம் பதிப்பிலிருந்து ‘டிரை’யோடு சேர்த்து இதைச் செய்யலாம். சி ஷார்ப்பில் ‘யூசிங்’, கோவில் ‘டிஃபர்’. நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் இது போதும். மறந்துபோன இடத்துக்காக ஒரு காவல் வேண்டுமென்றால் மட்டும் முடிப்பானை வையுங்கள். அதிலும் வேலையை அங்கேயே செய்யவேண்டாம். கோயில் வாசலில் ஒரு பெட்டி வைத்து, ‘இந்த இலக்கக் கிடாரம் இன்ன கொட்டிலில் கிடக்கிறது’ என்று ஒரு துண்டை அதில் போடச் செய்யுங்கள். களஞ்சியக்காரர் தனக்கு வசதியான நேரத்தில், கொப்பியை மூடிவைத்திருக்கும் நேரத்தில், பெட்டியைத் திறந்து தானே கணக்கை வெட்டுவார். ஜாவா 9 இல் வந்த ‘கிளீனர்’ இந்தப் பெட்டி முறையைத்தான் சற்று ஒழுங்கு செய்து தருகிறது. 2025 இல் கோ 1.24 இல் வந்த ‘ஆட் கிளீனப்’ உம் அதே பாதையில் வருகிறது. இரண்டிலும் ஒரு நல்ல விதி: துப்புரவுச் செயல், துப்புரவாகப் போகிற பொருளைக் கையில் பிடித்திருக்கக்கூடாது. பிடித்திருந்தால் அந்தப் பொருள் குப்பை ஆகவே ஆகாது.

நம் நாட்டிலேயே பிறந்த ஒரு மொழியையும் சொல்லவேண்டும். சஞ்சீவ வீரவரண வேறு சிலரோடு சேர்ந்து நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் கொழும்பில் உருவாக்கிய பலரினா. 2019 இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. ஜாவாவின் மேடையில்தான் ஓடுகிறது, சேகரிப்பானும் அங்கிருந்துதான். அதில் பொருளுக்குப் பிறப்புச் செயல் உண்டு, இறப்புச் செயல் இல்லை. பொதுக் கொப்பியைப் பாதுகாப்பாகத் தொடுவதற்குப் பூட்டுப் பந்தி இருக்கிறது. தனித்திருக்கும் பொருள் என்று நீங்கள் அறிவித்ததை வெளிக் கை தொடாது என்று தொகுப்பி முன்கூட்டியே சோதிக்கிறது. முடிப்பானைச் சேர்க்காமல் விட்டது அந்த மொழியின் நல்ல முடிவுகளில் ஒன்று என்று நினைக்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கப் போகிற பிள்ளைகள் இதன் தொகுப்பியைத் திறந்து வாசிக்கலாம், மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது.

ரீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள். கோப்பைத் திறக்கும் முதற் பாடத்திலேயே ‘வித்’ எழுதப் பழக்குங்கள். திறப்பதை இன்று சொல்லி, மூடுவதை அடுத்த வாரம் சொன்னால், பிள்ளை மூடாமலே ஒரு வாரம் பழகிவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தந்துவிட்டுப் போகிறேன். ஜாவா 18 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பில் நிரலைத் தொடங்கும்போது, முடிப்பான்களை முற்றாக நிறுத்திவிடும் தெரிவு ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதியதை அந்தத் தெரிவோடு ஒரு முழு நாள் ஓடவிடுங்கள். திறந்த கோப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், உங்கள் நிரலில் யாரோ கிடாரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.